ஊர்ப் பதிவில் இடம்பெறாத ஊர்கள்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவ்வூர்த் தேவாலயத்தின் பதிவேட்டிலிருந்தே தொடங்குவர். எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சராயிருந்த தோமஸ் குரொம்வெல் 1538ஆம் ஆண்டிற் பிறப்பித்த கட்டளைப்படி, ஒவ்வொரு கோயிற்பற்றிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவை ஏட்டில் எழுதப்படலாயின. ஆகவே, சொத்தென்று எதுவும் விட்டுச் செல்லாத ஏழை உழவன் ஒருவனின் பெயரும், அவன் திருமுழுக்குப் பெற்ற நாளும், மண்ணில் அடங்கிய நாளும் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அறியக் கிடைக்கின்றன.

கோயிற்பற்று வழிபாட்டு எல்லையாக மட்டும் இருந்ததில்லை. 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், அந்தந்தக் கோயிற்பற்றின் ஏழைகளை அந்தந்தக் கோயிற்பற்றே வரி விதித்துக் காக்க வேண்டுமென விதித்தது. யார் எந்தக் கோயிற்பற்றைச் சேர்ந்தவர் என்பதை 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம் வரையறுத்தது. பிறவூரிலிருந்து வந்த ஏழை பாரமாகக்கூடும் என்று தோன்றினால், வந்த 40 நாட்களுக்குள் முறையிட்டு அவனைத் தன் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். இதில் கொடுமை மிகுதியும் உண்டு. ஆயினும், எத்துணை வறியவனாயினும் அவனை 'எம்மவன்' என்று ஏற்றாக வேண்டிய ஓர் ஊர் எங்கேனும் இருக்கும் என்னும் கொள்கை அச்சட்டத்தின் அடியில் இருந்தது. பெயரைத் தாங்கிய ஏடு, யாவரும் அறிந்த எல்லை, குடிகளைப் பற்றிய பொறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்நாட்டுச் சிற்றூரை ஊராக்கின. 1894ஆம் ஆண்டிற் கோயிற்பற்றுச் சபைகள் சட்டத்தால் அமைந்தபோது, அவ்வூரவர் தம் ஊரைத் தாமே நிருவகிக்கும் வாய்ப்பும் பெற்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைச்சரிவுகளிற் காடழித்துத் தோட்டம் போட்ட ஆங்கிலேயரும் ஸ்கொத்லாந்தியரும், தம் நாட்டு ஊர்களின் பெயர்களையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் பெயர்களையும் அத்தோட்டங்களுக்கு இட்டனர். பெயர் கடல் கடந்து வந்தது. அப்பெயருக்குரிய ஊரமைப்பு உடன் வரவில்லை. இதனால் நேர்ந்தவற்றைத் தெளிவாகக் காட்டும் பகுதிகளுள் ஒன்று சபரகமுவா மாகாணம். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளைப் போல் அதிகம் பேசப்படாத இம்மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றில், தோட்டத்து மக்கள் எந்த ஊரவர் என்னும் கேள்வி ஒருமுறை இலண்டனிலிருந்த உச்ச மன்றம் வரை சென்றது.

சபரகமுவாவின் நில அமைப்பை முதலில் நோக்குவோம். கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம், மத்திய மலைநாடு மேற்குத் தாழ்நிலத்தை நோக்கிப் படிப்படியாக இறங்கும் சரிவில் அமைந்துள்ளது. அதன் கிழக்கு விளிம்பிற் சிவனொளிபாதமலை 2243 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. மலைநாட்டில் ஊற்றெடுக்கும் களனி கங்கை கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை வழியாகக் கொழும்பை நோக்கி ஓடுகிறது. தெரணியகலைப் பக்கத்திலிருந்து வரும் சீதாவாக்கை ஆறு அவிசாவளைக்கு அருகில் அதனோடு கலக்கிறது. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறக்கும் களு கங்கை இரத்தினபுரி நகரைத் தொட்டுச் செல்கிறது. பலாங்கொடைப் பக்கத்து நீரெல்லாம் வளவை கங்கை வழியே தெற்கே போகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை இம்மலைகளே முதலில் தடுக்கின்றன. ஆதலால் மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் பல. ஓடைகளும் அருவிகளும் வற்றா வளம் தருகின்றன. அதே மழை ஆற்றைப் பெருக்கி இரத்தினபுரி நகரை மூழ்கடிக்கவும், மலையடி மண்ணைச் சரிக்கவும் வல்லது. இங்கு வாழ்வோருக்கு மழை செல்வமும் அச்சமும் ஆகும்.

கண்டி அரசர் காலத்தில் இந்நிலப்பரப்பு சபரகமுவா, நான்கு கோறளை, மூன்று கோறளை என்று பிரிந்து கிடந்தது. பள்ளத்தாக்குகளில் நெல்வயல்களும், மேட்டில் வீட்டுத் தோட்டங்களும், அதற்கு மேல் சேனைப் பயிருக்கும் மந்தை மேய்ச்சலுக்கும் உதவிய காடும் கொண்ட சிங்களக் கிராமங்கள் அங்கு நெடுங்காலம் நிலைபெற்றிருந்தன. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம், வேறு உரிமை நிரூபிக்கப்படாவிடின், முடிக்குரியதே என்று கொள்ளச் செய்தது. கிராமத்தான் வழிவழியாகப் பயன்படுத்திய காட்டுக்கு அவனிடம் எழுத்துறுதி இல்லை. அந்நிலம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. கிராமம் பள்ளத்திலும் தோட்டம் மேட்டிலுமாக அருகருகே அமைந்ததும், இரண்டுக்கும் இடையே பிற்காலத்திற் பிணக்கு மூண்டதும் இந்த நில மாற்றத்தின் விளைவுகளாம்.

முதலில் வந்த பயிர் கோப்பி. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் அதனை அழித்தது. பின் தேயிலை பரவிற்று. 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவிலிருந்து றப்பர்க் கன்றுகள் வந்து ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மோட்டார் வாகனம் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பரின் விலை உயர்ந்தது. குளிர் மிகுந்த உயரத்தில் றப்பர் செழிப்பதில்லை. வெப்பமும் நிறைந்த மழையும் உள்ள தாழ்ந்த குன்றுகளே அதற்கு ஏற்றவை. களனிப் பள்ளத்தாக்கு அத்தகைய இடமாகையால், எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, ருவன்வெல்லை ஆகிய பகுதிகளிற் குன்றுதோறும் றப்பர் மரங்கள் எழுந்தன. இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயரங்களில் தேயிலை நிலைத்தது. சபரகமுவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1889ஆம் ஆண்டிலாகும்.

விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. 2 அடி 6 அங்குல அகலமே கொண்ட அச்சிறு பாதை 1902இல் அவிசாவளையை அடைந்தது. அதன் ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்கும், மற்றொன்று 1912இல் இரத்தினபுரிக்கும், பின்னர் ஒப்பநாயக்கைக்கும் நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மூடப்பட்டது. அதன் பின்னர் அப்பகுதித் தோட்டங்கள் யாவும் மலைப் பாதைகளையும் பாரவண்டிகளையுமே நம்ப வேண்டியதாயிற்று.

இத்தோட்டங்களை உருவாக்கியோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய இடங்களிற் பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த குடும்பங்கள், தம் ஊரைச் சேர்ந்த கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டன. முன்னாளில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தனர். பின்னாளில் மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டு, தலைமன்னார் வழியாகப் புகையிரதத்தில் வந்தனர். வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமாயின், கடன் தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' வேண்டும். 1921இல் ஒழிக்கப்படும் வரை இத்துண்டு முறை தொழிலாளரைக் கட்டிவைத்தது.

றப்பர்த் தோட்டத்து நாள் விடியுமுன் தொடங்கும். பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிட்டு, மலை பிரித்துக் கொடுப்பர். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையுமாதலால், பால்வெட்டுவோர் காலைக் குளிரிலேயே மரத்துக்கு மரம் சென்று பட்டையைச் சாய்வாகச் சீவிச் சிரட்டைகளை வைப்பர். சிலமணி நேரம் கழித்துப் பாலை வாளியிற் சேர்த்துத் தொழிற்சாலைக்குச் சுமந்து வருவர். அங்கு புளிமம் இட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்துவர். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. ஆகவே, மரத்தை வளர்க்கும் அதே மழை தொழிலாளியின் அன்றைய கூலியை அழித்துவிடும். மாதக்கணக்கில் மழை பெய்யும் சபரகமுவாவில் இதன் பொருளை ஒவ்வொரு குடும்பமும் அடுப்பங்கரையில் அறிந்திருந்தது.

ஓர் ஊருக்கு வேண்டிய உறுப்புகள் பலவும் தோட்டத்தில் இருந்தன. குன்றின் உச்சியில் துரையின் பங்களா, கீழே தொழிற்சாலை, சரிவில் வரிசையாக லயங்கள், ஒரு மருந்தகம், ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா, மாரியம்மன் கோயில். கோயிலை எழுப்பியோரும், ஆண்டுதோறும் திருவிழா எடுத்தோரும் தொழிலாளரே. மாசி மாதத்திற் காமன் கூத்து நடந்தது. அங்கேயே மணம் முடித்தனர். அங்கேயே இறந்தோரை அடக்கம் செய்தனர். பக்கத்துக் கிராமத்தாரோடு கொண்ட பழக்கத்தாற் சிங்களமும் பேசினர்.

ஆயினும், இவர்களின் பெயர் ஒழுங்காக எழுதப்பட்ட ஏடு செக்றோல் என்னும் கூலிப் பதிவேடே. அது வேலைக்கு வந்த நாளையும், கூலியையும், கடனையும் காட்டும், ஊருரிமையைக் காட்டாது. தோட்டத்தின் எல்லை துரையின் வரைபடத்திற் துல்லியமாக இருந்தது. அவ்வெல்லைக்குள் ஓர் அடி நிலமும் அங்கு பிறந்தவனுக்குரியதன்று. லயக்காம்பரா வேலையோடு ஒட்டிய இருப்பிடம். வேலை நின்றால் அதுவும் நின்றது. கோயிற்பற்றைப் பற்றி மேலே கூறிய மூன்றனுள் முதலாவது அரைகுறையாகவும், இரண்டாவது பிறருக்குரியதாகவும் இருந்தன. மூன்றாவதாகிய பொறுப்பு யாருடையதென்று தெளிவாகவில்லை.

அரசியல் உரிமை வந்தபோது இக்கேள்வி வெளிப்பட்டது. 1931இல் இலங்கையிற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. நிலையான வதிவு முதலிய நிபந்தனைகளோடு தோட்டத் தொழிலாளரிற் பலரும் வாக்குப் பெற்றனர். ஆனால், 1937ஆம் ஆண்டிற் கிராமச் சங்கங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளர் அச்சங்கங்களின் வாக்குரிமைக்குப் புறம்பாயினர். தேசத்துத் தேர்தலில் வாக்களிக்கத் தக்கவர், தம் வாசலுக்கு முன் உள்ள பாதையைப் பற்றிப் பேசும் சங்கத்திற்கு வாக்களிக்கத் தகாதவராயினர். 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில், ஜவகர்லால் நேருவின் வருகையின்போது, இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிற்று.

இனி, 1946ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம். கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் என்னும் பெயருடைய தோட்டம் ஒன்று இருந்தது. நிலமற்ற கிராமத்தாருக்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு, கிராம விஸ்தரிப்புத் திட்டத்தின் கீழ் அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அக்காலத்தில் விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் டி. எஸ். சேனாநாயக்கா. கிராமத்தாரின் நிலத்தேவை பொய்யன்று. மேட்டுநிலமெல்லாம் தோட்டமாகிவிட்ட கேகாலையில், பெருகிய குடும்பங்களுக்கு வீடு கட்டவும் இடமில்லை. ஆனால், அத்தோட்டத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அப்பங்கீட்டில் இடம் அளிக்கப்படவில்லை. வேலை முடிந்தது, லயத்தைவிட்டு வெளியேறுக என்னும் அறிவித்தலே அவர்களுக்குக் கிடைத்தது.

அவர்கள் வெளியேற மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. பல்லாயிரக்கணக்கானோர் அதிற் கலந்துகொண்டனர். மலையக மக்களின் நினைவில் இது உருளவள்ளிப் போராட்டம் என்று நின்றது. தங்கியிருந்தோர் மீது, குற்றமுறையாகப் பிறர் நிலத்தில் அத்துமீறியிருந்தனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. கீழ்நீதிமன்றம் தொழிலாளி ஒருவரைக் குற்றவாளி என்றது. உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. முடியின் சார்பில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யப்பட்டது.

கோமறைக் கழகம் 1950இல் அம்மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் நுட்பம் இதுவே: அத்துமீறல் குற்றமாவதற்கு, நிலத்தை வைத்திருப்பவரைத் துன்புறுத்துதல் போன்ற ஒரு தீய நோக்கம் வேண்டும். தான் அங்கிருப்பது நிலத்துக்குரியவருக்குத் தொல்லையாகும் என்று ஒருவர் அறிந்திருக்கலாம். அவ்வறிவு மட்டும் தொல்லை தரும் நோக்கமாகிவிடாது. தமக்கு உரிமையுண்டென மெய்யாகவே நம்பி ஒருவர் தங்குவாராயின், அந்நம்பிக்கை சட்டப்படி தவறானதாக இருப்பினும், அவர் குற்றவாளியாகார். அந்நிலம் தொழிலாளருடையது என்று நீதிமன்றம் கூறவில்லை. தம் வீடு என்று நம்பிய இடத்தில் இருந்தவரைக் குற்றவாளியாக்க இயலாது என்ற அளவோடு தீர்ப்பு நின்றது. அவ்வளவும், ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அக்காலத்திற் கிடைத்த பெருவெற்றியே. இலங்கை, இந்திய நீதிமன்றங்களில் அத்துமீறல் பற்றிய வழக்குகளில் அத்தீர்ப்பு பின்னரும் எடுத்துக்காட்டப்பட்டு வந்தது.

நேவ்ஸ்மியர் என்னும் பெயர் இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பரந்த வெளிக்கு உரியது. அங்கு 1731 முதற் குதிரைப் பந்தயம் நடந்துவருகிறது. அதற்கு முன்னும் பின்னும் அது நகரத்தார் தம் கால்நடைகளை மேய்த்த பொதுநிலமாகும். எவர் அங்கு மேய்க்கலாம் என்பது வழக்கத்தாலும் எழுத்தாலும் காக்கப்பட்டது. காலம் மாறியபோது அவ்வெளி நகரசபையின் பொறுப்பிற் பொதுநிலமாகவே தொடர்ந்தது. யார்க் நகரத்து நேவ்ஸ்மியரிற் குடிகளுக்கு மாடு மேய்க்கவும் உரிமை இருந்தது. கேகாலையின் நேவ்ஸ்மியரில், பிறந்த வீட்டிற் படுத்துறங்கவும் நீதிமன்றத்தின் துணை வேண்டியதாயிற்று.

கோமறைக் கழகத்தின் தீர்ப்பு வருமுன்னரே நாட்டின் சட்டம் மாறிவிட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவரும் சபரகமுவாத் தொகுதியினர் அல்லர். தொழிலாளர் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்ந்த மாகாணம் இது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும் தோட்டத்து மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவேண்டும். மீதி 1,50,000 பேர் பற்றி 1974இல் முடிவாயிற்று. ஊர் எது என்று கேட்டவனுக்கு நாடு எது என்னும் கேள்வி திரும்பி வந்தது. எண்ணிக்கை பேசி முடித்த பின்னரே மனிதர் தேடப்பட்டனர்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவாத் தோட்டங்களை வாட்டின. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தின் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகள் பெரிதும் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறின. பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. அங்கேயே தங்கியோரும் உளர். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலை படிப்படியாக நீங்கிற்று.

நாட்டுரிமை வந்த பின்னரும் ஊருரிமை பின்தங்கியே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபைகளின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக அமைந்தது. தோட்டத்து மக்கள் அச்சபைகளுக்கு வாக்களிக்கலாம். சபைத் தலைவராகவும் வரலாம். லயத்துக்குச் செல்லும் வழியைச் செப்பனிடச் சபையால் இயலாது. 1937இல் வாக்கு மறுக்கப்பட்டது. 1987இல் வாக்கு இருந்தும் அதன் பயன் மறுக்கப்பட்டது. 2018இற் செய்யப்பட்ட திருத்தமே இத்தடையை நீக்கிற்று. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த இடத்துக்குப் 'புதிய கிராமம்' என்று பெயர் வந்தது.

பெயரால் என்ன பயன் என்று கேட்கலாம். 2016 மே மாதத்திற் கேகாலை மாவட்டத்தில் பெய்த பெருமழை அதற்கு விடை கூறும். அரநாயக்காவில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன; அதே நாட்களிற் புளத்கொஹுப்பிட்டியப் பகுதியிற் களுபஹன தோட்டத்து லயங்களை மண் மூடிற்று; ஈரிடத்தும் உயிர்கள் மாண்டன. மழைக்குக் கிராமம், தோட்டம் என்ற வேற்றுமை இல்லை. ஆனால், லயம் எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்பதை அதில் வாழ்வோர் தீர்மானித்ததில்லை. நல்ல நிலத்தைப் பயிருக்கு ஒதுக்கி எஞ்சிய இடத்திற் பழைய நிருவாகத்தார் கட்டியவை அவை. ஆபத்தான இடத்தைவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு மாற வேண்டுமாயின், மாறிச் செல்லும் நிலம் ஒருவர் பெயரில் இருத்தல் வேண்டும். காணி உறுதி என்னும் காகிதம் உயிர்காக்கும் பொருளாவது இவ்விதத்திலாகும்.

இங்கிலாந்தின் கோயிற்பற்றுகள் சிலவற்றில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இயேசுநாதரின் விண்ணேற்றத் திருநாளை ஒட்டி, பெரியோர் சிறுவரை அழைத்துக்கொண்டு ஊரின் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் கற்களைக் கோலால் தட்டிக் காட்டுவர். வரைபடம் அரிதாயிருந்த காலத்தில், இந்த ஓடை வரை நம் ஊர், இந்த மரத்துக்கு அப்பால் பிறர் ஊர் என்று அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் முறை அது. சபரகமுவாவின் தோட்டத்துச் சிறுவரும் தம் மலைகளின் எல்லையை நன்கறிவர். எந்த மலையில் எத்தனை மரம், எந்த ஓடை எப்போது பெருகும் என்பதை அவர்தம் பெற்றோர் கால்நடையாகவே கற்றவர். தோட்டம் திறந்த ஆண்டு, முதற் குடும்பங்கள் வந்த வழி, கோயில் எழுந்த காலம், 1946இல் வெளியேற மறுத்தோரின் துணிவு ஆகியவை இன்னும் முதியோர் வாய்மொழியில் எஞ்சியிருக்கின்றன. செக்றோல்கள் செல்லரித்தும் தொலைந்தும் போகும் இக்காலத்தில், அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் தோட்டத்துப் பாடசாலைகளாலும் ஆகக்கூடிய பணி. கோயிற்பற்று ஏடு ஆங்கிலேய உழவனுக்குச் செய்த உதவியை, அந்த ஏடு சபரகமுவாத் தொழிலாளிக்குச் செய்யும்.